மொட்டைமாடிப் பந்தி

கோவில்பட்டியிலயா இறங்குதீய? முன்னாலயே சொல்லப்படாதா. நான் பாட்டுக்கு விழுப்புரத்துலேருந்து உங்க ஊர்க்காரியளைத் திட்டிக்கிட்டே வாறேன். கோவிச்சுக்கிடாதீய. உங்களைச் சொல்லல, உங்க ஊரைக்கூடச் சொல்லல. ராஜாமணின்னு ஒருத்தியைத்தான் சொல்லுதேன். அவ கோவில்பட்டியில பொறந்ததுக்கு நீங்க என்ன செய்வீய.

இல்ல, எனக்கு உங்க தயிர்ச்சாதம் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க. எங்ககிட்டயும் சாப்பாடு இருக்கு. அந்தா ஜன்னல் பக்கத்துக் கொக்கியில மஞ்சப்பை தொங்குது பாருங்க, அதான். பசி இருக்கத்தான் செய்யுது. ஆனா அதைப் பிரிக்க முடியாது. ஏன்னு கேட்டா முழுசாச் சொல்லணும். பைக்குக் கீழ தலையைச் சாய்ச்சுத் தூங்குதாவ பாருங்க, அவியதான் எங்க வீட்டு ஆளு. அவிய காதுல விழுந்தா ஆரம்பிச்சுட்டியாம்பாவ. நான் உங்க பக்கம் திரும்பி மெதுவாச் சொல்லுதேன்.

எனக்கு ஒரே பையன், இசக்கிராஜ். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை. அதே ஆபீஸ்ல வேலை பாக்குத பிள்ளை நிவேதா, இந்த ராஜாமணியோட மக. ரெண்டும் விரும்பிச்சுங்க. ரெண்டு வீட்டுலயும் சரின்னுட்டோம். நகை, சேலை, சீரு எல்லாம் போன்லயே பேசி முடிஞ்சுது. நான் எதுக்கும் மல்லுக்கு நிக்கல. எனக்கு அந்தக் குணமே கெடையாது, யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கல்யாணம் எங்க ஊர்ல, அம்பாசமுத்திரத்துல வைக்கணும்.

அது ஏன்னா, நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து எல்லார் வீட்டுப் பந்தியிலயும் உக்காந்து சாப்பிட்டிருக்கேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, ஒண்ணு விட்டதில்ல. அந்தச் சனம் அத்தனையும் ஒரு நாளு என் வீட்டுப் பந்தியில உக்காரணும். நான் கரண்டியோட குனிஞ்சு, இன்னும் செத்த வச்சுக்கிடுங்கன்னு கேக்கணும். வேற ஒரு ஆசையும் எனக்கு இல்ல. இதை ராஜாமணிகிட்டச் சொன்னா, அவ என்ன சொன்னா தெரியுமா? அவளும் எல்லார் வீட்டுப் பந்தியிலயும் சாப்பிட்டிருக்காளாம். அவளுக்கும் ஒரே மகளாம். ஊர்ச்சனம் அவ இலையில உக்காரணுமாம். நான் சொன்னதை அப்படியே எனக்கே திருப்பிச் சொல்லுதா. சொந்தமா ஒரு காரணம் யோசிக்கத் தெரியாத பொம்பளை.

பேச்சு முடியாம சம்பந்தி வீட்டுல கை நனைக்கப்படாது, உங்க ஊர்லயும் அந்த வழக்கம் உண்டுல்லா? காப்பியும் காராச்சேவும் கணக்குல சேராது. சோறு தின்னா முடிஞ்சுது. முழுச் சம்மதம். அதனால நான் கோவில்பட்டிக்குப் போனப்ப அவ இலையைப் போடப் போட, நான் காப்பியோட எந்திரிச்சேன். அவ எங்க ஊரு அம்பைக்கு வந்தப்ப நான் விருந்தே ஆக்கி வச்சிருந்தேன். சண்டாளி, கைப்பையிலேருந்து சொந்தத் தண்ணிப் பாட்டிலை எடுத்துக் குடிச்சுட்டுப் போயிட்டா. யாரு முதல்ல திங்காளோ அவ இறங்கி வந்துட்டான்னு அர்த்தம். இதை யாரும் வாய் விட்டுச் சொல்லல. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதுக்கு நடுவுல பையன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். அவனை ஜப்பானுக்கு மாத்திட்டாங்களாம். தை முடியறதுக்குள்ள கிளம்பணும், போறப்ப பொண்டாட்டியோட போகணும். நீங்க ரெண்டு பேரும் இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊரைப் பேசி முடிக்கலேன்னா, நாங்க இங்கயே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலையை மாத்திக்கிட்டுப் போயிருவோம்னு சொல்லிட்டான். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பந்தி ஏது, சொல்லுங்க.

பொறவு அவனே ஒரு யோசனை சொன்னான். அவிய வீடும் வேண்டாம், நம்ம வீடும் வேண்டாம், மெட்ராஸ்ல ஒரு ஹோட்டல்ல எல்லாரும் உக்காந்து பேசுவோம்னான். ஜப்பான் சாப்பாட்டு ஹோட்டலாம். நாங்க அங்க என்ன சாப்பிடப் போறோம்னு நீங்களும் பாத்த மாதிரி இருக்கும்னான். சரின்னு நேத்து சாயந்திரம் போனோம்.

லிப்டுல ஏறுனா ஏறுது, ஏறுது, காதடைச்சுப் போச்சு. கதவு தொறந்து பாத்தா மொட்டைமாடி. மேல கூரை கெடையாது. அந்த விலை வாங்குதான், ஒரு தகரமாவது போடப்படாதா? நாங்க மொட்டைமாடியில வத்தல் காயப்போடுவோம். இவன் ஆளைக் கூப்பிட்டு உக்காரவச்சுருக்கான். காத்து அடிச்ச அடியில சேலையைப் பிடிக்க ஒரு கை, முடியைப் பிடிக்க ஒரு கை. சாப்பாட்டுப் பேரு எழுதுன அட்டையைக் குடுத்தான், அதுல விலையே இல்ல. பையன் கையில இருந்த அட்டையில மட்டும் இருந்திருக்கும் போல. அவன் அதைப் பாத்துட்டு மடியில கவுத்து வச்சுக்கிட்டான்.

மேசை நாற்காலி கெடையாது. நீளமா ஒரு பலகை, அதுக்கு முன்னால எல்லாரும் வரிசையா உக்காரணும், பந்தி மாதிரித்தான். முதல்ல இசக்கி, அடுத்து நிவேதா, அடுத்து ராஜாமணி, பக்கத்துல நான், எனக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டு ஆளு, கடைசியில சம்பந்தி, அதான் ராஜாமணி வீட்டுக்காரரு. நான் முழுக்க ராஜாமணி பக்கமே திரும்பி உக்காந்துட்டேன். அவ அசந்து ஒரு வாய் எடுத்தாலும் நான் பாத்துரணும்லா. அவளும் என் வாயையேதான் பாத்துக்கிட்டு இருந்தா, வேற எங்கயும் கண்ணு போகல. முதல்ல ஆவி பறக்கச் சுருட்டுன ஈரத்துண்டு ஒண்ணு குடுத்தாவ, கை தொடைக்க. நான் அதைக்கூடத் தொடல. எதுக்கு வம்பு.

பலகைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் நின்னாரு. நெத்தியில துணி, வாயிலயும் துணி, நடுவுல ரெண்டு கண்ணு மட்டும். கையை நனைச்சாரு, சோத்தை எடுத்தாரு, ஒரு அமுக்கு அமுக்குனாரு, மேல ஒரு துண்டு பச்சை மீனை வச்சாரு, ஆளுக்கு ஒண்ணா, தட்டுக்குப் பதிலா இருந்த கருங்கல்லு மேல வச்சுட்டுத் தலையைக் குனிஞ்சாரு. பொறவு கையைக் கட்டிக்கிட்டு எங்களையே பாக்காரு. பரிமாறுத பிள்ளைகிட்டக் கேட்டா, வச்ச உடனே சாப்பிடணுமாம், சாப்பிட்டாத்தான் அடுத்தது செய்வாராம், அதான் அவிய முறையாம். எங்க முறை என்னன்னா, பேச்சு முடிஞ்சாத்தான் சாப்பிடுவோம்னேன். அந்தப் பிள்ளை அதைப் போய் இங்கிலீசுல அவருகிட்டச் சொல்லிச்சு. அவரு தலையை ஆட்டிட்டு மறுபடியும் என்னையே பாத்தாரு.

கல்லு மேல இருந்ததைப் பாத்தேன். சின்னப் பிள்ளைக்கு ஊட்டும்போது கையில உருட்டுவோம்லா, அந்த அளவுச் சோறு. இசக்கிக்கு நான் அப்படித்தான் உருட்டுவேன். முள்ளெடுத்த மீனை மேல வச்சு உருட்டி உருட்டிக் குடுப்பேன், அஞ்சாப்பு படிக்கிற வரைக்கும் அவனுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது. நான் மீனு திங்காதவ இல்ல. ஆனா அதை ஒரு கொதி கொதிக்க விட்டா என்ன, எண்ணெயில போட்டுப் பொரிச்சுக் குடுத்தா என்னன்னு வாய்விட்டே கேட்டுட்டேன். அங்க போய் இதைத்தான் தின்னுக்கிட்டுக் கெடக்கப் போறானான்னும் கேட்டேன்.

பையன் கெஞ்சுதான், யம்மா, இது ஹோட்டலு, யாரு வீட்டுச் சோறும் இல்ல, சாப்பிடு. நான் விடுவேனா? காசு குடுக்குதது யாரோ அவிய வீட்டுச் சோறுதானேன்னு கேட்டேன். நான்தான் குடுக்கேன்னான். அப்படின்னா இது மாப்பிள்ளை வீட்டுச் சோறு, முதல்ல ராஜாமணி மதினி சாப்பிடட்டும்னேன். உடனே நிவேதா பதறிப் போய், இல்ல அத்த, நாங்க ரெண்டு பேரும் பாதிப் பாதி போடுதோம்னு சொல்லிட்டா. நல்ல பிள்ளைதான், ஆனா சிக்கலை உண்டாக்கிட்டா. பாதி அவிய சோறு, பாதி எங்க சோறு. கல்லு மேல இருக்குதது ஒரே ஒரு உருண்டை. எந்தப் பாதி எங்க பாதின்னு எனக்கு எப்படித் தெரியும்? ராஜாமணியும் அதையேதான் கேட்டா. மீனு மாப்பிள்ளை வீடு, சோறு பொண்ணு வீடுன்னு வச்சுக்கலாமான்னு பையன் கேட்டான். அவன் கண்ணுல தண்ணி நின்னுச்சு, நான் காத்துன்னு நினைச்சேன்.

அப்பத்தான் அந்தச் சமையல்காரரு ஒரு காரியம் செஞ்சாரு. எங்க ரெண்டு பேரு கல்லுலயும் இருந்ததை எடுத்தாரு, நேராக் குப்பையில போட்டாரு. எனக்குப் பகீர்னு இருந்துச்சு. பக்கத்துல ராஜாமணியும் நெஞ்சுல கையை வச்சா. என்னன்னு கேட்டா, நேரமாயிட்டாம், ருசி போயிருமாம், அதை விருந்தாளிக்குக் குடுக்க மாட்டாராம். புதுசா உருட்டி வச்சாரு. தலையைக் குனிஞ்சாரு. கையைக் கட்டிக்கிட்டாரு.

நாங்க மண்டபத்தைப் பத்திப் பேசுனோம். அம்பையில மண்டபத்துக்குப் பக்கத்துலயே ஆறுன்னேன். கோவில்பட்டியில மண்டபத்துக்குப் பக்கத்துலயே ஸ்டேசன்னா. அவரு மறுபடியும் எடுத்தாரு, குப்பையில போட்டாரு, புதுசா வச்சாரு. சோறு. வெள்ளைச் சோறு. நான் ஒரு பருக்கை கீழ விழுந்தாலும் எடுத்துக் காக்காய்க்குப் போடுதவ. நாங்க ரெண்டு பேரும் அந்த மனுசன் கையையே பாத்துக்கிட்டு இருந்தோம். மூணாவது வாட்டியும் போட்டாரு. நாலாவது வாட்டி எடுக்கக் கையை நீட்டுனாரு பாருங்க, நானும் நீட்டுனேன், அவளும் நீட்டுனா. மூணு கையும் முட்டிக்கிட்டுச்சு. எடுத்தேன், வாயில போட்டேன். போட்டுட்டுத் திரும்பிப் பாக்கேன், அவ அப்பத்தான் வாயைத் தொறக்கா.

அதுக்குள்ள பச்சை நிறத்துல ஏதோ ஒரு விழுதைத் தடவி வச்சிருந்திருக்காரு. நாக்குல உறைக்கல அது, நேரா மூக்கு வழியா உச்சி மண்டைக்கு ஏறுது. கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணி. பேச முடியல, மூச்சு விட முடியல. பக்கத்துல ராஜாமணிக்கும் அதே கதி. அப்போ அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னா.

"மதினி, முள்ளே இல்ல பாத்தீங்களா. அங்க நம்ம பிள்ளைகளுக்கு முள்ளு எடுத்துக் குடுக்க ஆளு வேண்டாம்."

அதுக்கு மேல எனக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியல. நானும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன் போல. பிள்ளையள் ரெண்டும் ஓடியாந்து கட்டிக்கிட்டுச்சுங்க. எங்களுக்கு மனசு இளகிட்டுன்னு நினைச்சுட்டாவ. பரிமாறுத பிள்ளைகூடக் கை தட்டுனா. ராஜாமணி மனசுல என்னன்னு எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பச்சை விழுதுதான், வேற ஒண்ணும் இல்ல.

மூக்கைச் சிந்திட்டு, தண்ணியைக் குடிச்சுட்டு, சரி மதினி, நீங்க சாப்பிட்டாச்சு, அப்போ அம்பையிலதானேன்னு கேட்டேன். அவ, நீங்கதானே மதினி முதல்ல வாயில வச்சீங்கன்னுட்டா. நான் சும்மா இருப்பேனா? கையை முதல்ல நீட்டுனது அவதான். எனக்குத் தெரியும். பெறகு எப்படி முடிவு பண்ணன்னு பாத்தா, தூணுல ஒரு கேமரா இருந்துச்சு. மேனேஜரைக் கூப்பிடுன்னேன். பையன் தலையில கையை வச்சுக்கிட்டான். ராஜாமணி, கூப்பிடுங்க, பாத்துருவோம்னா. அந்த ஒரு விசயத்துல அவ தைரியத்தை நான் மெச்சுதேன்.

மேனேஜர் பாவம், கோட்டு போட்ட தம்பி, முகம் வெளிறிப் போய் செல்போன்ல போட்டுக் காட்டுனான். எல்லாரும் தலையை முட்டிக்கிட்டுப் பாத்தோம். சரியா எங்க கை நீளுத நேரத்துல சமையல்காரரு முழுக்கைச் சட்டை மறைச்சுருச்சு. யாரு முதல்லன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனா அந்தப் படத்துல வேற ஒண்ணு தெரிஞ்சுது.

வரிசைக் கடைசியில எங்க வீட்டு ஆளும் சம்பந்தியும். முதல் உருண்டையை வச்சதுமே ரெண்டு பேரும் எடுத்து வாயில போட்டுருக்காவ. அடுத்தது வருது, அதுவும் போச்சு. நாங்க இங்க மீனு யாருது, சோறு யாருதுன்னு தொண்டைத் தண்ணி வத்தப் பேசிக்கிட்டு இருக்கோம், அவிய அங்க உருண்டை மேல உருண்டையாத் தின்னுக்கிட்டு இருக்காவ. ஒரு இடத்துல எங்க வீட்டு ஆளு சம்பந்தி கல்லுலேருந்து ஒண்ணை எடுக்காவ, அவரு சிரிச்சுக்கிட்டே இன்னும் ஒண்ணைத் தள்ளி வைக்காரு. அந்தச் சமையல்காரரு அவிய ரெண்டு பேருக்கும் மட்டும் குனிஞ்சு குனிஞ்சு கும்பிடுதாரு. பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே எங்க வீட்டுச் சம்மதமும் குடுத்தாச்சு, அவிய வீட்டுச் சம்மதமும் குடுத்தாச்சு.

என்னங்க இதுன்னு கேட்டேன். கொண்டாந்து வைக்கான், மிச்சம் வச்சாத் தப்புல்லான்னாவ. நாப்பது வருசமா இதே பதில்தான், எந்த வீட்டுல கேட்டாலும். சம்பந்தி வாயே தொறக்கல. வாயில சோறு இருந்துச்சு.

பில்லு வந்தப்ப பையன் அதை எங்ககிட்டக் காட்டல. நிவேதா எட்டிப் பாத்தா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிடுச்சுங்க. குப்பையில போனதுக்கும் சேத்துப் போட்டுருப்பான். வெளிய வந்து தெருமுனையில நின்னு எல்லாரும் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம், தனித்தனியாக் காசு குடுத்து. கல்யாணம் நடக்கப் போறது உறுதி, ரிஜிஸ்டர் ஆபீஸ் பேச்சையும் பையன் விட்டுட்டான். எந்த ஊர்லங்கறதுதான் இன்னும் நிக்கி. பையன், சித்திரைக்கு முன்னால சொல்லிருங்கன்னு கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டான். தையிலயே கிளம்புதவன் சித்திரைங்கான் பாருங்க, அவ்வளவு நொந்து போயிருக்கான்.

இன்னைக்குக் காலையில எழும்பூர்ல ரயில் ஏற வாறோம், ராஜாமணி நிக்கா. பெரம்பூர்ல அவ தம்பி வீட்டுல தங்கியிருந்தாளாம், விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு ஆக்குனாளாம், இந்தா மஞ்சப்பை. வழியில சாப்பிடுங்க மதினின்னு நீட்டுதா. நான் வாங்கல. இது அவ ஆக்குன சோறு, பாதி எங்க பாதின்னு இதுல சொல்ல முடியாது. ஒரு வாய் வச்சேன்னா கோவில்பட்டின்னு ஆயிரும். எலிப்பொறியில தேங்காய்ச் சில்லு வைக்கமாதிரி வைக்கா. எங்க வீட்டு ஆளுதான் பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கிக் கொக்கியில மாட்டுனாவ. அதான் காலையிலேருந்து இவ்வளவு நேரமும் நான் அதைத் தொடாம வாறேன். வைராக்கியம்னா அப்படி இருக்கணும்.

சாத்தூர் தாண்டியாச்சா? உங்க ஊரு வந்துருமே. சரி, அந்தப் பையை ஒரு நிமிசம் எடுங்க. இல்ல, சாப்பிட இல்ல, கெட்டுப்போச்சான்னு பாக்கணும். கெட்டுப்போனா வண்டியெல்லாம் நாறிரும்.

என்ன, இவ்வளவு லேசா இருக்கு?

பாருங்க இந்த மனுசனை. எலுமிச்சைச் சாதத்துல பாதியைக் காணோம். பக்கத்துப் பொட்டலத்துலயும் கைவச்சிருக்கு. கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குதாவளாம், உதட்டுல மசாலா ஒட்டியிருக்கு பாருங்க. நான் உங்க பக்கம் திரும்பிப் பேசுன நேரமெல்லாம் தின்னுருக்காவ.

இது என்ன, பொரிச்ச மீனா? அந்த ஹோட்டல்ல நான் பொரிச்சா என்னன்னு கேட்டதைக் காதுல வாங்கியிருக்கா. சங்கரா மீனு. இதுல முள்ளு அதிகம், ரயில்ல உக்காந்து யாரு இதை...

முள்ளைக் காணோம்.

இருங்க. இந்தத் துண்டுலயும் இல்ல. இதுலயும் இல்ல. பொரிச்சு, ஒவ்வொண்ணா முள்ளை எடுத்து, சதை உதுராம திரும்ப அடுக்கி வச்சிருக்கா. விடியறதுக்கு முன்னால உக்காந்து. எனக்கு.

ஒண்ணும் இல்லம்மா. ஜன்னல் காத்து.

ஒரு துண்டு பாக்கேன். உப்பு செத்த குறைச்சல். காரம் பரவாயில்ல. இன்னும் ஒண்ணு பாத்தாத்தான் சரியாச் சொல்ல முடியும்.

ஸ்டேசன் வந்துட்டு, இறங்குங்க, பாத்து, பையை மறந்துராதீய. ஒரே ஒரு விசயம், சும்மாத்தான் கேக்கேன். ஸ்டேசனுக்குப் பக்கத்துல மண்டபம்னாளே, அது இங்கேருந்தே தெரியுமா? ஒரு பந்தியில எத்தனை பேரு உக்காரலாம்? எங்க ஊர்லேருந்து நாலு பஸ் வரும். மாப்பிள்ளையோட அம்மா கரண்டியை எடுத்துக்கிட்டுப் பரிமாற வந்தா, உங்க ஊர்ல யாரும் தப்பாச் சொல்ல மாட்டாவல்லா?